நட்பின் ஓட்டமும் பொதுக் கடமையும்

கெவின் சின்ஃபீல்ட் 1980இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தவர். 1997இல், பதினாறு வயதிலேயே, லீட்ஸ் ரைனோஸ் ரக்பி லீக் அணிக்காகக் களமிறங்கினார். 2003இல் அதன் தலைவரானார். அவர் தலைமையில் லீட்ஸ் ஏழு முறை சூப்பர் லீக் பட்டம் வென்றது. சேலஞ்ச் கோப்பை மட்டும் எளிதில் கைகூடவில்லை. 2010, 2011, 2012 என அடுத்தடுத்து மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்ற பிறகு, 2014இல்தான் அது வசப்பட்டது. 2015இல் ஒரே பருவத்தில் மூன்று பெரிய பட்டங்களையும் வென்ற கையோடு ரக்பி லீக்கிலிருந்து விடைபெற்றார். பின்னர் ரக்பி யூனியனில் பயிற்சியாளரானார். 2022இல் லெஸ்டர் டைகர்ஸ் பிரீமியர்ஷிப் பட்டம் வென்றபோது அதன் தடுப்பாட்டப் பயிற்சி அவர் பொறுப்பில் இருந்தது. அதன்பின் இங்கிலாந்து தேசிய அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பெற்றார்.

ரக்பி பார்க்காதவர்களும் அவரை அறிந்ததற்குக் காரணம் வேறு. லீட்ஸ் அணியில் அவருடன் ஆண்டுக்கணக்கில் ஆடிய ராப் பர்ரோவுக்கு, 2019 டிசம்பரில் மோட்டார் நியூரான் நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களை இந்நோய் அழிக்கிறது. நடை, பேச்சு, விழுங்குதல், மூச்சு என எல்லாம் படிப்படியாகக் குன்றும்; குணப்படுத்தும் மருந்து இல்லை. 2020 டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாட்களில் ஏழு மாரத்தான் ஓடினார். பர்ரோவின் சட்டை எண் 7 என்பதால் 77,777 பவுண்டு திரட்டுவது இலக்கு. சேர்ந்ததோ பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல். 2021இல் லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 101 மைல், 2022இல் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர் வரை என ஓட்டங்கள் தொடர்ந்தன.

இந்தச் செயலின் உயர்வை யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரு நோயாளியின் சிகிச்சையும் ஒரு நோயின் ஆய்வும், புகழ்பெற்ற நண்பர் ஒருவர் வாய்ப்பதைப் பொறுத்து அமைவது நியாயமா என்பது தனியே எடைபோட வேண்டிய கேள்வி.

முதல் ஆட்சேபம் நடுநிலை பற்றியது. தனக்கு வேண்டியவரின் நோய்க்கு உதவுபவர், வேண்டியவர் இல்லாத ஆயிரம் பேரின் துன்பத்தைக் கடந்துபோகிறார் என்று வாதிடலாம். இந்நோயின் தன்மையே இதற்குப் பாதி விடை தருகிறது. பிரிட்டனில் நாளொன்றுக்குச் சுமார் ஆறு பேருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. ஆயினும் எந்த நேரத்திலும் இதனுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான்; நோய் தெரிந்தவர்களில் பாதிப்பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவதே காரணம். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் ஊர் ஊராகப் பேசுவதைப் போல இங்கே பேச மீண்டவர்கள் இல்லை. உயிருடன் இருப்பவர்களின் குரலையும் நோய் பறித்துவிடுகிறது. இத்தகைய நோய்க்கு உடல்நலமுள்ள ஒருவர் வாய் திறந்தால்தான் உண்டு. மீதிப் பாதி விடை, பணம் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. பர்ரோ ஒருவரின் செலவுக்கு மட்டும் திரட்டியிருந்தால் அது நட்புக் கடன். நோயாளிகள் அனைவருக்கும் உழைக்கும் சங்கத்துக்கும், லீட்ஸ் மருத்துவமனையின் சிறப்பு மையத்துக்கும் சென்றதால் அது பொது அறமாகிறது. உதவி பற்றிலிருந்து பிறப்பதில் குற்றமில்லை; பயன் பற்றின் எல்லைக்குள் நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபம் நோயாளியின் கண்ணியம் பற்றியது. 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தொலைவும் தள்ளிச் சென்றார் சின்ஃபீல்ட். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் நின்று, அவரை இரு கைகளிலும் தூக்கிக் கொண்டு கோட்டைக் கடந்து, கன்னத்தில் முத்தமிட்டார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. செயலற்ற உடலைக் காட்டி இரக்கத்தைக் காசாக்குவதா என்று எந்தப் படத்தைப் பற்றியும் கேட்கலாம். இங்கே பார்க்க வேண்டியது சம்மதம். தன் நிலை வெளியே தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தவர் பர்ரோ. பேச்சு போன பிறகு கண்ணசைவால் இயங்கும் கணினி வழியாகப் பேசி, ஆவணப்படங்களில் தோன்றி, தன் கதையைத் தானே சொன்னார். நோயாளி காட்சிப்பொருளாக இல்லாமல் பிரசாரத்தின் பங்காளியாக இருக்கும்வரை கண்ணியம் கெடுவதில்லை.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. வரிப்பணத்தில் மருத்துவம் தரும் நாட்டில், சிறப்பு மையம் கட்டப் பொதுமக்களிடம் கையேந்துவது அரசின் கடமையைத் தளர்த்தாதா? அந்த மையத்துக்கான இலக்கு 68 லட்சம் பவுண்டு. நன்கொடை குவியக் குவிய, அரசு ஒதுங்கிக்கொள்ள வழி பிறக்கும். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. நோயாளிகளும் அவர்களுக்காக ஓடியவர்களும் எழுப்பிய குரலுக்குப் பின், 2021 நவம்பரில் பிரிட்டன் அரசு இந்நோய் ஆய்வுக்கு ஐந்து கோடி பவுண்டு அறிவித்தது. கொடை கடமையின் இடத்தைப் பிடித்தால் தீமை. கடமையைத் தட்டி எழுப்பினால் நன்மை. ஓடியவர் வியர்வையைப் புகழ்ந்துவிட்டு ஆட்சியாளர்கள் நிதியைத் தாமதிப்பது புகழாரம் சூட்டிக் கடனைத் தட்டிக்கழிப்பதாகும்.

இதே அளவுகோல் விளையாட்டுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ரக்பி யூனியன் வீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே இந்நோயின் ஆபத்து பொதுமக்களைவிட மிக அதிகம் என்று கண்டது. நோயுற்றவர்களின் எண்ணிக்கை சிறியது. ரக்பிதான் காரணம் என்று அது நிறுவவில்லை. எனினும் ஐயம் எழுந்த பின், ஆய்வுக்குப் பணம் தருவதும், தலையில் படும் அடிகளைக் குறைக்கும் விதிகளை வகுப்பதும் விளையாட்டு நிர்வாகத்தின் பொறுப்பு. எதிராளியை மடக்கிப் பிடிக்கக் கற்றுத்தரும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அதில் பங்குண்டு. முன்னாள் வீரர்கள் ஓடித் திரட்டும் பணம் இந்தப் பொறுப்பை ஈடுசெய்யாது.

பர்ரோ 2024 ஜூன் 2 அன்று 41 வயதில் காலமானார். லீட்ஸ் மையத்துக்கான கட்டுமானம் மறுநாளே தொடங்கியது. ஓட்டமும் நிற்கவில்லை; அந்த டிசம்பரில் மீண்டும் ஓடினார் சின்ஃபீல்ட். நண்பருக்காகத் தொடங்கிய செயல் அவருக்குப் பின்னும், முகம் தெரியாத நோயாளிகளுக்காகத் தொடர்வது முதல் ஆட்சேபத்தைத் தீர்த்துவைக்கிறது. மூன்றாவது ஆட்சேபத்தைத் தீர்க்கும் பொறுப்பு ஓடுபவருடையதல்ல; அது அரசுக்கும் விளையாட்டு நிர்வாகத்துக்கும் உரியது.