சுமப்பவரும் துய்ப்பவரும்

ஜப்பானின் புக்குஷிமா மாகாணத்து அய்ஸு-வகமாட்ஸு நகரையும், நீகாட்டா மாகாணத்துக் கொய்தே ஊரையும் 135 கிலோமீட்டர் நீளத்தில் இணைப்பது தடாமி இரயில்பாதை. ஆற்றை மீண்டும் மீண்டும் கடந்து, பனி போர்த்திய மலைகளினூடே அது செல்லும் அழகில் சன்னலோரம் அமர்ந்த நாம் மெய்ம்மறக்கிறோம்.

2011 ஜூலையில் பெய்த பெருமழை பாலங்களை அடித்துச் சென்றது, 27.6 கிலோமீட்டர் பாதை முடங்கியது. பயணிகளோ மிகச் சிலர். பேருந்தே போதும் என்ற யோசனை எழுந்தது. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. மிஞ்சும் பணம் முதியோர்க்கு மருந்தாகலாமே! எளியோரின் வரிப்பணத்தை ஆதாயமற்ற பாதைக்குச் செலவிடுவது அறமாகுமா?

ஆனால் அம்மக்கள் பாதையைக் கேட்டதோடு நின்றுவிடவில்லை. தண்டவாளத்தை மாகாண அரசே ஏற்றது. பராமரிப்புச் செலவை அங்குள்ள ஊர்களும் பகிர்ந்துகொண்டன. 2022 அக்டோபர் முதல் நாளன்று இரயில் மீண்டும் ஓடியது. அப்பகுதியில் ஒவ்வொரு திசையிலும் நாளொன்றுக்கு மூன்றே வண்டிகள்தாம்!

ஒன்றை நேசிக்கிறோம் என்பதற்கு அளவுகோல் எது? கண்ணால் துய்ப்பதா, தோளில் சுமப்பதா? படமெடுத்துத் திரும்பும் நமக்கு அது ஒருநாள் காட்சி. சுமப்பவர்க்கோ, தம் ஊர் இன்னும் கைவிடப்படவில்லை என்னும் உறுதி. தம் பணத்தைத் தாமே கொடுப்போர், அதன் மதிப்பைச் சொல்லவும் உரிமையுடையோர்.

துய்க்கும் நமக்கும் கடமையுண்டு. அவ்வூரில் இறங்கி, ஒருவேளை உணவையேனும் விலை கொடுத்து உண்போம். கடனாளிகளாய்த் திரும்பாதிருப்போம்.