அசல் என்பதன் எல்லை

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவனை வன்முறையின் ரசிகன் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவனுடைய பித்து வேறு. அது அசல் பற்றியது. 1895இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு வகையை எடுத்துக்கொள்வோம். வங்காளத்து இச்சாப்பூரிலும் இது தயாரானது. போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டையின் பின்புறத்துப் பித்தளை மூடிக்குள் எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் கயிறும் இருக்க வேண்டும். தோள்வாரும் சனியனும் அதே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒரு எண்ணெய்ப் புட்டிக்காக வருஷக்கணக்கில் அலைகிறவனின் சிரத்தையைப் பரிகசிக்க முடியாது.

ஆனால் நம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். அதன்படி வைத்திருப்பவன், செத்த ஒன்றுக்கு அங்கங்களைத் தேடிச் சேர்க்கிறான். செத்துவிட்டதால் அது வெறும் கலைப்பொருள் ஆகிவிடுமா? தன் பிரயோஜனத்தை உதறிவிட்டு ஒரு வஸ்து வேறொன்றாக மாற முடியுமா?

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன கதையை மதுரைப் பக்கம் அறியாதவர் இல்லை. நரிகள் பரிகளாகி வந்தன. பகலில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. இரவில் அவை நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்தன. உருமாற்றம் இயல்பை அழிப்பதில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிய மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயரை ஊர் வைத்திருக்கிறது. துப்பாக்கி தன் மேல் ஆலையை, ஆண்டை, எண்ணைச் சொல்லும். சிலவற்றில் கட்டையில் பதித்த வில்லை படைப்பிரிவையும் சொல்லும். எதிரே நின்றவனைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

ஆகவே எல்லாம் உருக்கப்பட வேண்டியவை என்று நான் சொல்லவில்லை. உருக்குவது சாட்சியத்தை அழிப்பது. என் கேள்வி அசல் பற்றியதுதான். எண்ணெய்ப் புட்டி இல்லாவிட்டால் குறை என்பவனுக்கு, இந்தத் துப்பாக்கி எந்தப் படையிடம் இருந்தது, எந்த ஊருக்குப் போனது என்பது தெரியாதது ஏன் குறையாகப் படுவதில்லை? ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டித் தேட வேண்டிய அந்த ஒரு தாளும் உதிரிப்பாகமே. அது கிடைக்கும்வரை அவன் சேகரிப்பு முழுமையடையவில்லை என்று, அவனுடைய அளவுகோலைக் கொண்டே சொல்லலாம்.