போடாத கையெழுத்து

முத்துப்பேட்டையில் மச்சான் நடத்தும் ரைஸ்மில் பிரைவேட் லிமிடெட்டில் நீங்களும் பங்குதாரர். கம்பெனியின் 'ஆர்ட்டிகிள்ஸ்', அதாவது விதிகளைப் படித்திருக்கிறீர்களா? யார் சார் படிக்கிறார்கள்! ஆனால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 10-வது பிரிவு, நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி உங்களைக் கட்டுகிறது.

இங்கிலாந்தில் 1844 சட்டப்படி பங்குதாரர்கள் பத்திரத்தில் நிஜமாகவே கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கையெழுத்து போய், 'மாதிரி' மட்டும் மிஞ்சியது, இந்தியாவுக்கும் வந்தது. 1906-ல் வெள்ளைக்காரனை எதிர்த்து வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் வெள்ளைக்காரன் சட்டத்தில்தான் பதிவானது. 25 ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர்களையும் போடாத கையெழுத்துதான் கட்டியது.

படிக்காதது உங்கள் தப்பு, சரி. நாளைக்கே முக்கால்வாசி ஓட்டில் விதியை மாற்றினால்? எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். பிடிக்காவிட்டால் விற்றுவிடலாமே என்பார்கள். பிரைவேட் கம்பெனியில் பங்கை இஷ்டத்துக்கு விற்க விடாததும் அதே விதிகள்தானே! இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.