கிணற்று நீர் ஏன் கரித்தது?

பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். நாகல்கேணிப் பக்கம் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். நீர் மஞ்சளாக இருக்கிறது, வாயில் வைத்தால் கரிக்கிறது. கொட்டிவிட்டுக் குடத்தோடு தண்ணீர் லாரிக்காகக் காத்து நிற்கிறாள். அந்த மஞ்சள் நீரை அவள் வாழ்க்கையின் கசப்புக்கு உருவகமாக வைத்திருந்தேன். கதையைப் படித்த தோழி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவள் ஒன்றுதான் கேட்டாள்: "தண்ணி ஏன் மஞ்சளாச்சு?"

என்னிடம் பதில் இல்லை. குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு, ஊர்ப்பெயரிலேயே இருக்கிற குரோமியத்தை நான் யோசிக்கவில்லை. பிறகுதான் படித்தேன். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பில் போடுகிறார்கள். அந்த உப்பு கழிவில் இறங்கி நிலத்தடி நீரைக் கரிக்க வைக்கிறது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆகிற பதனிடுதல், குரோமிய உப்பில் ஓரிரு நாளில் முடிகிறது. கழிவிலுள்ள குரோமியம் ஆறிணைதிற வடிவத்துக்கு மாறினால் நீருக்கு மஞ்சள் நிறம் வரும், அது நஞ்சு. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

கதையை மறுபடி எழுத உட்கார்ந்தபோது, அதன் அறமே மாறிப்போனது. முதல் வடிவில் அவளுடைய துயரத்துக்குக் காரணம் விதி. இரண்டாவதில் காரணத்துக்கு ஒரு குழாய் இருந்தது, அந்தக் குழாய்க்கு ஒரு முதலாளி இருந்தார். வேதியியல் என் கதைக்குத் தகவலை மட்டும் தரவில்லை. யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் காட்டியது.

முதலிலேயே ஏன் எனக்கு இது தோன்றவில்லை? பெண் எழுதினால் அனுபவம், ஆண் எழுதினால் அறிவு என்ற பழைய பாகப்பிரிவினையை நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எம்.ஐ.டி.யில் படித்த சுஜாதா மின்னணுவியலைக் கதைக்குள் கொண்டுவந்தார். தமிழ் அதைக் கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் தையல், பங்குச்சந்தை, தாவரவியல் என்று ஒரு பெண் தேடித்தேடிப் படித்தால், "எதையாவது ஒன்றை உருப்படியாகச் செய், அகலக்கால் வைக்காதே" என்கிறார்கள். நானே பலமுறை கேட்ட வாக்கியம் இது.

ராஜம் கிருஷ்ணன் அகலக்கால் வைத்தவர். 1925இல் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். கல்லூரி வாசல் மிதிக்கவில்லை. மின்துறைப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்தபோது படகர்களின் வாழ்வைக் கவனித்தார். அது 'குறிஞ்சித்தேன்' ஆனது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் போய்க் கேட்டு எழுதியது 'கரிப்பு மணிகள்'. சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் உழன்ற குழந்தைகள் 'கூட்டுக்குஞ்சுக'ளில் வந்தார்கள். அவருக்கு யாரும் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. போன இடமெல்லாம் பள்ளிக்கூடம், அங்கே உழைத்தவர்கள் ஆசிரியர்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். அந்த ஆசிரியர்களுக்கு நாம் என்ன தருகிறோம்? புத்தகத்திலிருந்து வேதியியல் கற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஒருத்தியின் வெடித்த பாதத்திலிருந்து உப்பளத்தைக் கற்றால் அது கடன். புத்தகத்தின் அட்டையில் பெயர் எனக்கு, வெயில் அவளுக்கு. துல்லியமாக எழுதுவது அந்தக் கடனின் வட்டி மட்டுமே என்று நினைக்கிறேன். அசலை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் கடன் என்று தெரிந்து எழுதுகிறவள் அந்தப் பெண்ணை உருவகமாக்கிவிட மாட்டாள்.

திருத்திய கதையை நாகல்கேணியில் இருந்த ஓர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். குரோமியம் பற்றிய பத்தியைப் பொறுமையாகக் கேட்டார். "இதை நாங்க எப்பவோ சொன்னோமே. பருப்பு வேகல, சோறு மஞ்சளாகுது, துணி வெளுக்க மாட்டேங்குதுன்னு சொன்னோம். பொம்பளைங்க பொலம்பறாங்கன்னுட்டாங்க" என்றார்.

ஆய்வகத்துக்கு முன்னால் அடுப்பங்கரை கண்டுபிடித்திருக்கிறது. பல துறைகளைக் கற்க வேண்டும் என்று புறப்பட்ட நான், அடுப்பங்கரையை ஒரு துறையாக எண்ணியதே இல்லை. கதையை மூன்றாம் முறை எழுதினேன். இந்த முறை தண்ணீர் ஏன் மஞ்சள் என்று அவள்தான் சொல்கிறாள்.