அம்மாச்சிகிட்ட கணக்கு கேட்கலாமா?

முருகனருள் முன்னிற்க.

போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, என் பிறந்தநாளுக்கு ஏதாவது குழந்தைகள் இல்லத்துல மதியச் சாப்பாடு போடலாம்னு இருக்கேன். நல்ல இல்லமா சொல்லுங்க." நாலஞ்சு பேர் உடனே நம்பர் அனுப்பினாங்க. நானும் ஒரு நம்பரை டைப் பண்ணி, அனுப்பாம அழிச்சுட்டேன். நல்ல மனசோட கேக்குறவரை எதுக்குக் குழப்பணும்னு அன்னைக்கு விட்டுட்டேன். இன்னைக்குக் கொஞ்சம் குழப்பலாம்னு இருக்கேன். மன்னிச்சுக்கோங்க.

எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். 2019ல என் சித்தி தவறிட்டாங்க. சிறுநீரகக் கோளாறு, ரெண்டு வருஷ இழுபறி. ரெண்டு பிள்ளைங்க. பெரியவ அப்போ ஆறாவது, சின்னவன் ரெண்டாவது. சித்தப்பா லாரிக்குப் போறேன்னு போனவர், எப்பவாவது வருவார். அவர் கதை இங்க வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கூடத்துல உக்காந்திருந்தோம். பிள்ளைங்களை யார் பாக்குறதுன்னு பேச்சு. பெரிய மாமா சொன்னார், "அம்மாவுக்கு 65 வயசாச்சு. மார்க்கெட்ல தக்காளி தரம் பிரிச்சு அது கஞ்சி குடிக்கிறதே பெருசு. இதுகளை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்? ஏதாவது இல்லத்துல, ஹாஸ்டல்ல சேத்துட்டாப் படிப்பாவது ஒழுங்கா நடக்கும்." எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு 22 வயசு, முதல் சம்பளம் வாங்கின மாசம். கொஞ்சம் பெருமையாவே சொன்னேன், "ஹாஸ்டலுக்கு மாசம் 5,000 நான் கட்டுறேன் மாமா."

அடுப்படி வாசல்ல உக்காந்திருந்த அம்மாச்சி அப்பதான் வாயைத் திறந்துச்சு. "அந்த அய்யாயிரத்தை எங்கிட்டக் குடுடா. நான் வச்சுப் பாக்குறேன்."

யாரும் பேசலை. அப்புறம் மாமா சிரிச்சுக்கிட்டே, "சொந்தப் பேரப்பிள்ளையைப் பாக்குறதுக்கு அம்மா கூலி கேக்குது பாரு"ன்னார். அம்மாச்சி பதில் சொல்லலை. நானும் சொல்லலை. அந்தச் சிரிப்புல நானும் லேசாச் சேர்ந்துக்கிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சும் உறுத்துறது அதுதான்.

அந்தக் கேள்வியை இப்ப நிதானமா எடுத்துக்குவோம். சொந்தப் பேரனை வளர்க்கக் காசு வாங்குறது தப்பா? "கடமைக்குக் கூலியா?"ன்னு கேக்கும்போது நியாயமாத்தான் தோணுது. ஆனா அந்தக் கூடத்துல உக்காந்திருந்த எல்லாருக்கும்தான் அந்தப் பிள்ளைங்க சொந்தம். மாமாவுக்கு மருமக்கள், எனக்குத் தங்கச்சி, தம்பி. கடமை எல்லாருக்கும் இருந்துச்சு. இருக்குறதுலயே வயசான, இருக்குறதுலயே இல்லாத ஒருத்தர் தலையில அதை மொத்தமா இறக்கி வச்சுட்டு, அதுக்குப் பாசம்னு பேர் வச்சோம். பாசம் அம்மாச்சிகிட்ட நிறையவே இருந்துச்சு. ரேஷன் அரிசிக்கு மேல எண்ணெய், பருப்பு, நோட்டு, செருப்பு இதெல்லாம் பாசத்துல முளைக்காது இல்லையா?

இன்னொண்ணும் கவனிங்க. முன்னபின்ன தெரியாத ஹாஸ்டலுக்கு மாசாமாசம் 5,000 கட்ட எனக்குக் கை தயங்கலை. அதே 5,000த்தை அம்மாச்சி கேட்டதும் மனசு, "சித்தப்பா வந்து பிடுங்கிட்டா? மாமா கடனுக்குப் போயிட்டா?"ன்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுச்சு. நம்ம ஏழைச் சொந்தத்தை விட யாரோ ஒருத்தரோட ரசீது புத்தகத்தை நாம ஏன் அதிகமா நம்புறோம்?

இல்லங்களைப் பத்தித் தப்பா எழுத வரலை. யாருமே இல்லாத பிள்ளைக்கு அது வேணும். ஆனா நாம பிறந்தநாள் சாப்பாடு போடப் போற இடத்துல வரிசையா உக்காந்திருக்குற பிள்ளைங்க எல்லாருமே அனாதைங்கன்னு நினைச்சுக்கிறோமே, அது சரியில்லை. உலகம் முழுக்கவே இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ ஒருத்தராவது உயிரோட இருக்காங்க. வறுமை, நோய், அம்மா வேலைக்குப் போனாப் பாத்துக்க ஆள் இல்லாதது, இப்படித்தான் பல பேர் அங்க வந்து சேர்றாங்க. ஒரு தடவை எங்க டீமோட ஒரு இல்லத்துக்குப் போயிருந்தப்போ ஒரு பையன் என் போனைக் கேட்டான். "எங்க ஆயாகிட்ட ஒரு நிமிஷம் பேசிக்கிறேன்ணா"ன்னான். நாங்க அவங்களுக்குப் பிரியாணி கொண்டு போயிருந்தோம்.

2009ல ஐ.நா. பொதுச்சபை ஏத்துக்கிட்ட வழிகாட்டு நெறிகள்ல இதைத் தெளிவாவே சொல்லியிருக்காங்க. வறுமை மட்டுமே காரணம்னா பிள்ளையைக் குடும்பத்துல இருந்து பிரிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவைன்னு அதை எடுத்துக்கணும். நம்ம நாட்டுச் சிறார் நீதிச் சட்டம், 2015, இல்லத்துல சேர்க்கிறதைக் கடைசி வழியாத்தான் வச்சிருக்கு. அதே சட்டத்துல நிதி ஆதரவுன்னு ஒண்ணு இருக்கு. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட அம்மா, தீராத நோய்ல இருக்கிற பெற்றோர், தாத்தா பாட்டி அத்தை மாமா வீட்டுல வளர்ற ஆதரவில்லாத பிள்ளை, இவங்களுக்கெல்லாம் பிள்ளை வீட்டுலயே இருக்கிற மாதிரிப் பண உதவி. மிஷன் வாத்சல்யாவுல பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்குக் கிராமத்துல 72,000, நகரத்துல 96,000 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விண்ணப்பிக்கணும். தமிழ்நாடு அரசு 2025ல கொண்டு வந்த அன்புக்கரங்கள் திட்டத்துல மாசம் 2,000 ரூபாய் இருக்கு. பெற்றோர் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்க, ஒருத்தரை இழந்து இன்னொருத்தரால பாத்துக்க முடியாத பிள்ளைங்க, இவங்களுக்கு.

ஆக, அம்மாச்சி அன்னைக்குக் கேட்டது சட்டத்துலயே இருந்துச்சு. நாங்கதான் சிரிச்சோம்.

முருகன் கதையும் இங்க ஞாபகம் வருது. சரவணப் பொய்கையில ஆறு தாமரையில ஆறு குழந்தையாக் கிடந்தவரை எடுத்துப் பால் கொடுத்தது கார்த்திகைப் பெண்கள். பெத்தவங்க யாரு? சாட்சாத் பரமசிவன், பார்வதி. அம்மா வந்து ஆறு பேரையும் வாரி அணைச்சு ஒண்ணாக்கினாங்க, சரி. அதோட "உங்க வேலை முடிஞ்சுது"ன்னு அந்த ஆறு பேரையும் அனுப்பிடலையே? கார்த்திகேயன்னு வளர்த்தவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வச்சாங்க. அவங்களுக்கு வானத்துல இடம், அவங்க நட்சத்திரத்துல நமக்கு விரதம். மாசாமாசம் கிருத்திகைக்குப் பட்டினி கிடக்குற நாம கும்பிடுறது முருகனைன்னாலும், அந்த நாள் அவங்களோடது.

வள்ளியும் அப்படித்தான். வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில கிடந்த பிள்ளையை எடுத்து வளர்த்தவர் நம்பிராஜன். முருகன் கல்யாணத்துக்குன்னு வேற எந்த அப்பாவையும் தேடிப் போகலை. கடைசியில அந்த வேடர் தலைவர் கையாலதான் வள்ளியை வாங்கிக்கிட்டார். வளர்த்தவருக்கு முறையா ஒரு மரியாதை, ஒரு இடம். எங்க அம்மாச்சிக்கு அதுதான் கிடைக்கலை.

சரி, என் கதைக்கு வர்றேன். பிள்ளைங்க அம்மாச்சிகிட்டயே இருந்தாங்க. நான் மாசம் 5,000 அனுப்பினேன். கூடவே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "ஒவ்வொரு செலவையும் பெரியவளை விட்டு எழுதச் சொல்லு அம்மாச்சி"ன்னேன். மாசக் கடைசியில அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பணும். பொறியாளர் புத்தி. ஆறேழு மாசம் ஒழுங்காப் போச்சு. ஒரு மாசம் "கறி 420, வளையல் 80, சின்னவனுக்குப் பம்பரம் 30"ன்னு இருந்துச்சு. போன் பண்ணி, "இதெல்லாம் அவசியமா? நோட்டுப் புத்தகத்துக்குன்னுதானே அனுப்புறேன்"னு கேட்டுட்டேன்.

அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு. "ஏன்டா, ஹாஸ்டல்காரன்கிட்டயும் இப்படித்தான் பம்பரக் கணக்குக் கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். ரசீதை வாங்கி மடிச்சு வச்சிருப்பேன்.

அடுத்த மாசமும் போட்டோ வந்துச்சு. அரிசி, எண்ணெய், நோட்டு, பேனா. கறி இல்லை, வளையல் இல்லை. முதல்ல திருப்தியாத்தான் இருந்துச்சு. அப்புறம் தீபாவளிக்குப் போனப்போதான் பெரியவ சொன்னா. அம்மாச்சி மார்க்கெட்ல கூடுதலா ரெண்டு மணி நேரம் நின்னு, அந்தக் காசுலதான் கறி எடுத்துருக்கு. என் காசு என்னோட கணக்குல சுத்தமா இருந்துச்சு, அம்மாச்சிக்கு மூட்டு வலி வந்துச்சு. அன்னைக்கே அந்த நோட்டை நிறுத்தச் சொன்னேன். பெரியவ இப்ப அதுல கணக்குப் பாடம் போட்டுப் பாக்குறா.

இதைப் படிச்சுட்டு, "அப்போ சொந்தக்காரங்க எல்லாரும் நல்லவங்களா?"ன்னு யாராவது கேப்பீங்க. கேக்கணும். கிடையாது. பிள்ளையை வச்சுக்கிறேன்னு சொல்லிக் கடையில நிறுத்துற மாமாவும் இருக்கார். படிப்பை நிறுத்திப் பதினஞ்சு வயசுல கட்டிக்கொடுக்குற வீடும் இருக்கு. அதைவிட மோசமானதும் நடக்குது. அங்கெல்லாம் "சொந்தம்தானே"ன்னு நாம வாயை மூடிக்கிட்டு இருந்தா அது பாவம். 1098க்குக் கூப்பிடணும், பிள்ளையை வெளிய எடுக்கணும். ஆனா அடி விழுற வீட்டையும் அரிசி இல்லாத வீட்டையும் நாம ஒரே கண்ணால பாக்குறோமோன்னு எனக்குச் சந்தேகம். கிழிஞ்ச சட்டை, எண்ணெய் வைக்காத தலை, ஒத்த ரூம் வீடு, இதைப் பாத்ததும் "பாவம், இந்தப் பிள்ளை எங்கயாவது நல்ல இடத்துல இருக்கலாம்"னு சொல்லிடுறோம். நல்ல இடம்னா நமக்கு டைல்ஸ் போட்ட தரை.

காகிதப் பிரச்சனை தனிக் கதை. பிள்ளைங்க பேர் சித்தப்பா வீட்டு ரேஷன் கார்டுல. அதுல நீக்கினாத்தான் அம்மாச்சி கார்டுல சேக்க முடியும். நீக்க அவர் வரணும், அவர் எங்கன்னு யாருக்குத் தெரியும்? வருமானச் சான்று, சாதிச் சான்று, பேங்க் அக்கவுண்ட், எங்க போனாலும் "அப்பா எங்க?"ன்னுதான் முதல் கேள்வி. நிதி ஆதரவுன்னு ஒண்ணு இருக்குறதே 2023ல பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒரு அலுவலகத்துல அம்மாச்சியை மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவை நான் லீவு போட்டுட்டு ஃபைலோட கூடப் போனேன். அன்னைக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டே போயிருந்தேன், அதனாலயான்னு தெரியலை. மாசம் 5,000 அனுப்புறதை விட அந்த ஒரு நாள் அம்மாச்சிக்குப் பெரிய உதவியா இருந்துச்சுன்னு அதுவே சொல்லுச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் பணம் வருது. சில சமயம் தாமதமா, சேர்ந்து வரும். அது வர ஆரம்பிச்சப்போ நான் அனுப்புறதை நிறுத்திடலாமான்னு யோசிச்சேன். உண்மையைச் சொல்றேன், ரெண்டு மாசம் யோசிச்சேன்.

எங்க வேலையில சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெய்லியர்னு சொல்லுவோம். எல்லா லோடும் ஒரே சர்வர்ல, பேக்கப் கிடையாது. அப்படி ஒரு டிசைன் கொண்டு போனா மேனேஜர் திட்டுவார். எங்க குடும்பம் ஆறு வருஷமா அம்மாச்சியை அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கு. அதுக்குக் காய்ச்சல் வந்தா யார்? ஒரு நாள் ஓய்வு வேணும்னா யார்? காசு அனுப்புறதால என் பங்கு முடிஞ்சுதுன்னு நினைச்சிருந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து பழனிக்கு நடக்கிறதா இருந்தேன். மாலை கூடப் போட்டாச்சு. போன்ல சொன்னப்போ அம்மாச்சி, "போயிட்டு வா ராசா. சித்தி போனதுல இருந்து நான் மலை ஏறலை. இதுகளை விட்டுட்டு எங்க போறது"ன்னு சாதாரணமாச் சொல்லுச்சு. குறை சொல்லலை, சும்மாதான் சொல்லுச்சு. எங்க ஊர்ல இருந்து பழனி முப்பது கிலோமீட்டர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஊருக்குப் போனேன். தெருப் பொம்பளைங்களோட அம்மாச்சியை அனுப்பிட்டு நான் வீட்டுல இருந்துக்கிட்டேன். 71 வயசு, பஸ்ல போன்னு எவ்வளவோ சொல்லியும் நடந்துதான் போவேன்னு அடம். ரெண்டு நாள் நான்தான் சோறு வடிச்சேன். பெரியவளுக்கு மார்ச்ல பொதுத்தேர்வு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படிச்சா. நான் கூட முழிச்சிருந்தேன், இல்லைன்னா முழிச்சிருக்கப் பாத்தேன். சின்னவன் எட்டாவது, என் போனை விடவே இல்லை. மாலை போட்டுட்டு மலைக்குப் போகாத குற்றம் இருக்கோன்னு குருசாமிகிட்டக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, அடுத்த வருஷம் வான்னார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாச்சி வந்துச்சு. கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு, கையில பஞ்சாமிர்த டப்பா. முருகனை நல்லாப் பாத்தியான்னு கேட்டேன். "பாத்தேன், பாத்தேன்"னு சொல்லிக்கிட்டே நேராக் கொல்லைப்புறம் போய்க் கொடியைப் பாத்துச்சு. "நாளைக்குப் பள்ளிக்கூடம், இவன் யூனிஃபார்ம் துவைக்கலையா நீ?"

துவைக்கலை.

வேலும் மயிலும் துணை.