கழுதையின் காலில் கைக்கடிகாரம்

விலங்கை முன்னிறுத்தி மனிதரைப் பார்த்துச் சிரிப்பது எமக்குப் புதிதல்ல. காகமும் நரியும் வடையும் சேர்ந்துதான் முகத்துதியைப் பற்றிய முதற்பாடத்தை எமக்குச் சொல்லித்தந்தன. அந்தப் பழைய பழக்கம் இன்று அமெரிக்காவிலுள்ள எமது வீடுகளில் வேறொரு கோலத்தில் வந்து நிற்கிறது. நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் ரெக்சாஸிலும் வளர்கின்ற எம் பிள்ளைகள், பளபளக்கும் சஞ்சிகைகளில் வரும் ஆடம்பர விளம்பரங்களைக் கணினியில் பகடியாகச் செய்கிறார்கள. முத்துமாலை அணிந்த எருமை வாசனைத் திரவியம் விற்கிறது. மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதையைப் போன்றதொரு கழுதை, முன்னங்காலில் தங்கக் கைக்கடிகாரத்தோடு தூரத்தை வெறித்து நிற்கிறது. ஒன்றுகூடல்களில் இவை கைமாறுகின்றன, பெரியவர்களும் சிரிக்கிறார்கள். நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்த பின்னர் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது? விற்பவர்மேலா, வாங்குபவர்மேலா, விலங்கின்மேலா, அல்லது விலங்காக மதிக்கப்படும் வேறு யாரோ ஒருவர்மேலா?

முதலில் இவை எப்படிச் செய்யப்படுகின்றன என்று பார்க்கலாம். வேண்டிய படத்தை வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் படத்தைத் தருகிறது. ஓபன் ஏஐயின் டால்-ஈ 2, மிட்ஜேர்னி ஆகிய இரண்டும் 2022 இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வெளிவந்தவை. கிடைத்த படம் பல வேளைகளில் அப்படியே உதவாது. கடிகாரப் பட்டி காலைச் சுற்றாமல் தோலுக்குள் புதைந்திருக்கும். குளம்பு மனித விரல்போல் பிளந்திருக்கும். எழுத்துக்கள் சிலவேளை எந்த மொழியுமாக இராது. அதன்பின் ஃபோட்டோஷொப்பில் வேலை தொடங்கும். 1990 இல் வெளிவந்த அந்த மென்பொருளுக்குள்ளும் 2023 இலிருந்து படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவு புகுந்துவிட்டது. நிழலைச் சரிசெய்து, பின்னணியை நீட்டி, பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, மூலையில் மெல்லிய எழுத்தில் ஒரு வரியைப் பொறித்தால் விளம்பரம் தயார்.

அந்த வெறுமைதான் முக்கியம். மலிவான பொருளின் விளம்பரம் சந்தைக்காரனைப் போலக் கூவும். விலையைச் சொல்லும், கழிவைச் சொல்லும். ஆடம்பரப் பொருளின் விளம்பரமோ வாய் திறப்பதில்லை. விலை இல்லை. காரணம் இல்லை. ஒரு முகம், ஒரு பொருள், சுற்றிலும் ஆளற்ற வெளி. இது வேண்டுமா என்று அது கேட்பதில்லை. இதற்கு நீங்கள் தகுதியானவர்தானா என்று பார்வையாலே கேட்கிறது. அந்த இடத்தில் கழுதையை நிறுத்தினால் கேள்வி உடைந்துபோகிறது. கழுதைக்குத் தகுதியைப் பற்றிய கவலை கிடையாது. அது எதையும் வாங்க விரும்பவில்லை. நாம் சிரிப்பது கழுதையின் அறியாமையைக் கண்டல்ல, அதன் விடுதலையைக் கண்டுதான்.

எமக்குப் பிடித்த படமும் அதுவே. பட்டெக் பிலிப் என்ற சுவிஸ் கடிகார நிறுவனம் 1996 முதல் தனது கடிகாரத்தை அடுத்த தலைமுறைக்காகக் காத்துவைக்கும் ஒன்றாகக் காட்டி விளம்பரம் செய்துவருகிறது. தந்தையும் மகனும் சேர்ந்திருக்கும் அழகிய படங்கள் அவை. பிள்ளைகள் செய்த படத்தில் கழுதைக்கும் குட்டிக்கும் கீழே இப்படி எழுதியிருந்தது: "இது உங்களுக்குச் சொந்தமில்லை. நீங்கள் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்." ஆடம்பரம் தந்தைப் பாசமாக வேடமிட்டு வருவதை இந்த ஒரு வரி களைந்துவிடுகிறது. கழுதைக்கு இங்கே இழிவில்லை. சுமையைச் சுமை என்று சொல்லும் தகுதி அதற்குத்தானே உண்டு!

ஆனால் எல்லாப் படங்களும் இப்படி அமைவதில்லை. அமையாமற்போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆடம்பரம் பகடியை விழுங்கிச் செரித்துவிடும். ரெக்சாஸில் வாழ்பவர்களுக்கு டலஸ் நகரில் 1907 இல் தொடங்கிய நீமன் மார்க்கஸ் என்ற கடை தெரிந்திருக்கும். அதன் நத்தார்ப் பொருட்பட்டியலில் 1960 முதல் 'அவருக்கும் அவளுக்கும்' என்று சோடிப் பரிசுகள் வந்தன. 1967 இல் வந்த சோடி இரண்டு ஒட்டகங்கள். விலை 4,125 டொலர். 1970 இல் விலங்குகளோடு சேர்த்து நோவாவின் பேழையே விற்பனைக்கு வைக்கப்பட்டது. யாராவது கேலி செய்யுமுன் கடையே தன்னைக் கேலி செய்துகொண்டது. அந்தக் கேலியால் அதன் பெயர் வளர்ந்தது. 2022 இல் பலென்சியாகா நிறுவனம் குப்பைப் பையின் வடிவில் தோற்பையொன்றை 1,790 டொலருக்கு விற்றது. இப்படி விற்பவர்களை எருமைக்கு முத்துமாலை போட்டு வெட்கப்படுத்த முடியுமா? விலங்குகளோ ஏற்கெனவே அவர்களிடம் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன. கார்ட்டியேயின் நகைகளில் 1914 முதல் சிறுத்தை இருக்கிறது. 2022 இல் குச்சி நிறுவனம் தன் விளம்பரத்தில் புலிகளை நிறுத்தியபோது விலங்குநல அமைப்புக்கள் கண்டித்தன. புலிகளைத் தனியே பாதுகாப்பான இடத்தில் படம்பிடித்துப் பின்னர் சேர்த்ததாக நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆக, வெட்டி ஒட்டும் வித்தையும் அவர்களிடமிருந்து வந்ததுதான்.

இயந்திரமும் இந்த விழுங்கலுக்குத் துணைபோகிறது. அது கற்றுக்கொண்ட கோடிக்கணக்கான படங்களுக்குள் விளம்பரப் படங்களும் அடக்கம். ஆகவே எதைக் கேட்டாலும் அழகாகவே தருகிறது. 2023 மார்ச் மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் வெண்ணிறப் பஞ்சுச் சட்டையோடு நடந்துவரும் படம் உலகமெங்கும் பரவியது. மிட்ஜேர்னியில் செய்யப்பட்ட பொய்ப்படம் அது. பலர் உண்மையென நம்பினார்கள். பகடியென்று அறிந்தவர்கள்கூடச் சட்டை நன்றாயிருக்கிறது என்றார்கள். எமது எருமைக்கும் இதுவே நடக்கிறது. ஈரமான கண், கருங்கல் போன்ற தோல், முத்தில் தெறிக்கும் ஒளி. பார்ப்பவர் சிரிக்க மறந்து, அந்த வாசனைத் திரவியம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். பகடி செய்யப்போனவர் இன்னொரு விளம்பரத்தைச் செய்துவிட்டார்.

இந்த எல்லையைப் பற்றி அமெரிக்க நீதிமன்றங்களும் யோசித்திருக்கின்றன, அதுவும் நாய்களின் விளையாட்டுப் பொருட்களை முன்வைத்து. லூயி விட்டோன் கைப்பையைப் போலச் செய்து 'சூயி விட்டோன்' என்று பெயரிட்ட பொம்மையை, ஆடம்பரத்தைக் கேலி செய்யும் பகடியென்று 2007 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று ஏற்றுக்கொண்டது. ஜாக் டேனியல்ஸ் மதுப்போத்தலைப் போன்ற 'பாட் ஸ்பானியல்ஸ்' பொம்மையின் வழக்கில் 2023 இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக வேறொன்றைச் சொன்னது: பிறருடைய வணிகக் குறியைத் தன் சரக்கின் குறியாகவே வைத்து விற்பவருக்கு, பகடி என்ற காரணத்தால் மட்டும் கருத்துச் சுதந்திரத்தின் தனிப் பாதுகாப்புக் கிடையாது. சட்டத்தின் நுணுக்கம் எப்படியிருந்தாலும் அறத்துக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. சிரிப்பைச் சரக்காக்கி விற்கத் தொடங்கியவர், தான் சிரித்த கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிடுகிறார்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பாரதூரமானது. அதை விளங்கிக்கொள்ள நியூ ஜேர்சியில் வாழ்ந்த ஓர் ஓவியரை நினைவுகூர வேண்டும். தோமஸ் நாஸ்ற் 1840 இல் ஜேர்மனியில் பிறந்து, ஆறு வயதில் நியூ யோர்க்குக்கு வந்த குடியேறி. 1870களின் தொடக்கத்தில் மொறிஸ்ரவுனுக்குப் பெயர்ந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் அங்கே வாழ்ந்தார். நியூ யோர்க் நகரைக் கொள்ளையடித்த அரசியற் கும்பலை 1871 இல் புலியாக வரைந்து, அதன் தலைவர் ருவீட்டை வீழ்த்தப் பெரிதும் உதவினார். குடியரசுக் கட்சிக்கு யானைச் சின்னம் நிலைத்ததும் அவர் 1874 இல் வரைந்த படத்தாற்றான். விலங்கைக் கொண்டு அதிகாரத்தை அடித்த கை அது. ஆனால் அதே கை, பசிக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் மக்களைக் குரங்குகளாகவும் வரைந்தது. கத்தோலிக்க ஆயர்களை முதலைகளாக்கியது. குடியேறி ஒருவரே பிந்தி வந்த குடியேறிகளைக் குரங்காக்கினார். கோடு ஒன்றுதான், திறமையும் ஒன்றுதான். அடி மேல்நோக்கி விழுந்தபோது அது அங்கதம். கீழ்நோக்கி விழுந்தபோது அது வெறும் இழிவு.

கீழ்நோக்கி விழும் அடி எங்கே போய் முடியும் என்பதை எம் காலத்திலேயே கண்டோம். 1994 இல் ருவாண்டாவில் வானொலி ரூட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது. அவர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சிங்கமும் புலியும் எம் நாட்டில் வெறும் மிருகங்களாக இருந்ததில்லை என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தோடு, ஏதிலியின் உடல் விளம்பரப் பலகையில் ஏறியதையும் பார்த்திருக்கிறோம். 1991 ஓகஸ்ட் மாதம் அல்பேனியாவிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் தொற்றிக்கொண்டு வந்த விலோரா என்ற கப்பல் இத்தாலியின் பாரி துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஆண்டு பெனெற்றன் உடை நிறுவனம் அந்தப் புகைப்படத்தைத் தனது விளம்பரமாக்கியது. கயிற்றில் தொங்கிய மனிதருக்கு மேல் ஒரு பச்சைச் சின்னம். படத்தில் இருந்தவர்கள் எவரும் அந்த உடைகளை விற்கச் சம்மதித்து அந்தக் கப்பலில் ஏறவில்லை.

இதனாற்றான் பிள்ளைகளின் படங்களுள் ஒன்று எம்மை உறுத்தியது. பணிப்பெண்ணின் சீருடை அணிந்த ஆடு, தங்கப்பிடி போட்ட தும்புத்தடியோடு பளிங்கு மண்டபத்தில் நிற்கிறது. ஆடம்பரத் துப்புரவுச் சேவைக்கு விளம்பரமாம். பார்ப்பவர் எதைக் கண்டு சிரிக்கிறார்? தங்கப்பிடியைக் கண்டா, சீருடையைக் கண்டா? எம்மவரில் எத்தனை பேர் இந்த நாடுகளுக்கு வந்து முதலிற் கையிலெடுத்தது அந்தத் தும்புத்தடியைத்தான்! கழுதை கடிகாரம் கட்டும்போது வாங்குபவர் வெளிப்படுகிறார். ஆடு சீருடை அணியும்போது வேலை செய்பவர் மறைந்துபோகிறார். இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒரே வேகத்தில், ஒரே அழகோடு செய்து தரும்.

வேகத்தைச் சும்மா சொல்லவில்லை. கையால் வரைந்த காலத்தில் ஒரு கேலிச்சித்திரத்துக்கு ஒரு பகல் போகும். அந்தப் பகலில் வரைபவர் தன் படத்தோடு தனியே இருந்தாக வேண்டும். இது சரியா என்ற எண்ணம் எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டக்கூடும். நாஸ்ற்றுக்கு அப்படித் தலைகாட்டவில்லை என்பதும் உண்மைதான். காலம் கிடைத்தால் மட்டும் மனச்சாட்சி வந்துவிடாது. ஆனால் காலமே இல்லாவிட்டால் அது வந்து அமர இடமும் இல்லை.

எமது மரபிலே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1960களில் தொடங்கிய 'சிரித்திரன்' இதழில் சிவஞானசுந்தரம், 'சுந்தர்' என்ற பெயரில் யாழ்ப்பாணத்தையே யாழ்ப்பாணத்துக்கு வரைந்து காட்டினார். சவாரித்தம்பரும் மைனர் மச்சானும் எங்கள் தெருக்காரர். வரைந்தவரும் அதே ஊர்க்காரர். தன்னையும் சேர்த்துச் சிரிக்கும் சிரிப்பில் நஞ்சு குறைவு, உண்மை கூடுதல். இங்கே பிள்ளைகள் ஆடம்பரத்தைப் பகடி செய்ய விரும்பினால் பாரிஸ் நகரத்துக் கடைகளை மட்டும் தேடிப்போக வேண்டியதில்லை. சாமத்தியச் சடங்குக்கு வரும் குதிரை வண்டியும், கடன்பட்டு எடுத்த மண்டபமும், அங்கே அட்டியல்களின் எடையைக் கண்ணாலேயே நிறுக்கும் உறவினரும் போதும். அந்த வண்டியில் குதிரை உள்ளே அமர்ந்திருக்க, நாம் இழுத்துச் செல்லும் படத்தை யாராவது செய்து தந்தால் மகிழ்வோம்.

இதையெல்லாம் கேட்டு, ஒரு பகிடிக்கு இவ்வளவு பாரமா என்று சிலர் சலிப்பார்கள். இந்தப் படங்களால் எந்த விலங்கும் கூண்டில் அடைபடவில்லையே என்றும் கேட்பார்கள். அது நியாயம். உண்மையான புலியை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துவதைவிட இல்லாத புலியைச் செய்வது எவ்வளவோ மேல். இந்த இயந்திரங்களின் நன்மைகளுள் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த இல்லாத புலியும் யாரோ எடுத்த புகைப்படங்களையும் யாரோ வரைந்த கோடுகளையும் தின்று பிறந்தது. தம் படைப்புக்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டன என்று மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் மிட்ஜேர்னி உட்பட மூன்று நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். பிறருடைய உழைப்பை மறைத்து வைத்துப் பளபளப்பை மட்டும் முன்னே காட்டுவது ஆடம்பர விளம்பரத்தின் வழக்கம். அதைப் பகடி செய்யும் கருவியும் அதே வழக்கத்தில் வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவோம்.

படங்களை நிறுத்தச் சொல்லி நாம் எழுதவில்லை. சிரிக்கத் தெரியாத ஏதிலிச் சமூகம் புழுங்கியே செத்துப்போகும். பிள்ளைகளிடம் நாம் கேட்பது சிறிய காரியம்தான். படம் முடிந்ததும், வெளியே அனுப்புமுன், விலங்கின் இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். அங்கே வந்து நிற்பவர் கடையின் முதலாளியா, பொருளை வாங்கப்போகும் நாமா, அல்லது அந்தக் கடையின் தரையை இரவில் துடைப்பவரா? முதல் இருவரென்றால் தாராளமாக அனுப்புங்கள். நாமும் நாலு பேருக்குக் காட்டுவோம். மூன்றாமவரென்றால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். செய்ததற்குச் சில விநாடிகள்தானே போயிருக்கும், அழிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.