அறுக்காமல் அவிழ்ப்பது

என் பேத்தி கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். திரையில் வட்டமாகப் புள்ளிகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே தாறுமாறாகக் கோடுகள் ஓடும். புள்ளியைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். எந்தக் கோடும் இன்னொரு கோட்டுக்குக் குறுக்கே போகாதபடி செய்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. 2005இல் ஜான் டேன்டலோ என்பவர் ‘பிளானாரிட்டி’ என்ற பெயரில் இதை உருவாக்கினார். அதைப் பார்த்து சைமன் டாதம் தம்முடைய புதிர்த் தொகுப்பில் ‘அன்டேங்கிள்’ என்று ஒன்றைச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நானும் இப்போது மதியச் சாப்பாடு ஆனதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதில் கோட்டை அழிக்க வழி கிடையாது. தொடக்கத்தில் எத்தனை கோடு இருந்ததோ முடிவிலும் அத்தனையும் இருக்கும். ஒரு புள்ளியை நகர்த்தினால் அதில் கட்டியிருக்கிற கோடெல்லாம் கூடவே வரும். நான்கு கோடுகளைத் தாங்கும் புள்ளிதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் என்று முதலில் தோன்றும். அதைத் தொடாமல், இரண்டே கோடு உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஓரத்துக்குக் கொண்டுபோய், பிறகு அந்த நான்கு கோட்டுப் புள்ளியை நடுவில் உட்காரவைத்தால் கோடுகள் பெரும்பாலும் தாமாகவே விலகிக்கொள்ளும். பலரோடும் கட்டுண்டு கிடந்த அது அவர்களுக்கு நடுவில் நிம்மதியாக இருக்கும்.

இதை ஆடும்போதெல்லாம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிற ஒரு கேள்வி திரும்ப எழும். சைவக் கூட்டங்களில் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு) பற்றிப் பேச வருகிறவர்களில் பலர், பாசம் என்ற இடத்துக்கு வந்ததும் பிள்ளை குட்டி, வீடு வாசல் என்று அடுக்கி, இதையெல்லாம் அறுத்தெறிந்தால்தான் முத்தி என்று முடித்துவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். வீட்டுக்குப் போனதும் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட வேண்டியவர்கள். சைவ சித்தாந்தம் இவர்களைப் பார்த்து அறுத்தெறி என்றுதான் சொல்கிறதா?

அப்படி எல்லாவற்றையும் விட்டவர்கள் மதுரையைச் சுற்றி இருந்திருக்கிறார்கள். நான் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டை. பக்கத்தில் கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருக்கின்றன. படியேறிப் போனால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். வினைகள் அத்தனையும் உதிர்ந்துபோன உயிர் உலகத்தின் உச்சிக்கு ஏறித் தனியே நிற்கும் என்பது சமணம். அவ்வளவு கடுமையான துறவு அது. ஆனால் அந்த உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. அச்சணந்தி இந்த வட்டாரத்து மலைகளில் பல இடங்களில் பெயர் காணும் சமணத் துறவி. மகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனான். தாய் அவனை விட்டுவிடவுமில்லை, வீட்டுக்கு இழுத்துவரவுமில்லை. அவனுடைய நெறியினர் வணங்கும் திருமேனியை மலையில் செய்வித்து, அவன் தாய் என்ற பெயரிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கோடு ஆயிரம் வருஷமாக அறுபடாமல் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் என்னால் அந்த எழுத்தைத் தாண்டி நடக்க முடிவதில்லை.

சைவ சித்தாந்தத்துக்கு வருவோம். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் தந்த சிவஞானபோதம் 12 நூற்பாக்கள்தான். அதன் வழி வந்தவர்கள் பதி, பசு, பாசம் மூன்றையும் தொடக்கமில்லாதவை என்கிறார்கள். பாசத்தில் முதலாவது, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம். உயிரை முதலில் கட்டுவது அதுதான். பிள்ளை மேல் வைத்த அன்பு அல்ல. அந்த ஆணவமும் முத்தியில் அழிந்துபோவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் ஒடுங்கிவிடுகிறது என்பதே அவர்கள் முடிவு. கட்டு ஒழிந்துபோக வேண்டியதில்லை, அதன் பிடி தளர்ந்தால் போதும். உயிர் நிற்கிற இடம் மாறுகிறது. ஆணவத்தைச் சார்ந்து நின்றது இறைவனைச் சார்ந்து நிற்கிறது.

மேடையில் அறுத்தெறி என்பவர்கள் சித்திரையில் மதுரை வீதிகளைப் பார்த்திருப்பார்கள். இந்த ஊருக்குப் பெரிய நாள் மீனாட்சி திருக்கல்யாணம். அன்று சாமியே தாலி கட்டுகிறார். அந்த நேரத்தில் மண்டபத்திலும் மாசி வீதியிலும் வீட்டிலுமாகப் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். கட்டு என்பதே அழுக்கென்றால் இந்த ஊர் அன்றைக்கு எதைக் கொண்டாடுகிறது?

இடம் மாறுவது எப்படி என்பதற்கு என் புகுந்த வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் நிலம், பங்காளிகள் இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒருவர் வண்டிப்பாதை மற்றவர் நிலத்தின் குறுக்கே போகும். அவருடைய வாய்க்கால் இவர் நிலத்தின் குறுக்கே வரும். விதைப்பு நேரத்தில் வரப்பில் நின்று சண்டை. பேச்சுவார்த்தை நின்றது, கல்யாணம் காட்சிக்குப் போவது நின்றது. கிணற்றுப் பங்கை விற்றுவிட்டு உறவையே முறித்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கிளம்பியபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் புலப்படத்தை விரித்துவைத்து, இந்தத் துண்டை அவரும் அந்தத் துண்டை இவரும் எடுத்துக்கொண்டால் பாதையும் வாய்க்காலும் குறுக்கே போகாதே என்றார். பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினார்கள். கிணறு இன்றும் பொதுதான், மோட்டார் முறை வைத்து ஓடுகிறது. பங்காளிகள் பங்காளிகளாகவே இருக்கிறார்கள்.

எல்லாச் சிக்கலும் இப்படித் தீரும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து புள்ளி போட்டு ஒவ்வொன்றையும் மற்ற நான்கோடும் சேர்த்தால் பத்துக் கோடு வரும். அவற்றைத் தட்டையான தாளில் குறுக்கிடாமல் வரையவே முடியாது, ஒன்பது வரைக்கும்தான் முடியும். எவை தீரும், எவை தீராது என்பதை 1930இல் போலந்துக் கணித அறிஞர் குராடோவ்ஸ்கி நிறுவிவிட்டார். விளையாட்டு நமக்குத் தீரக்கூடியவற்றை மட்டுமே தருகிறது. வாழ்க்கை அப்படித் தருவதில்லை. ஆனால் அந்தப் பத்தாவது கோட்டைத் தாளைவிட்டு மேலே தூக்கிவிட்டால் குறுக்கீடு இல்லை. தாளுக்குள் கிடக்கிற புள்ளியால் அதைச் செய்ய முடியாது. உயிர் தன் முயற்சியால் மட்டும் விடுபடாது, அருள் வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வதை நான் இங்கே வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். கணக்கு கடவுளை நிரூபிக்கிறது என்பதல்ல என் பேச்சு. தீராத சிக்கல் என்று ஒன்று உண்டு, அதற்கும் அறுப்பது வழியில்லை என்பதைக் கண்ணால் பார்க்க அது உதவுகிறது.

ஆகவே மேடை ஏறும் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். பாசம் பற்றிப் பேசும்போது ஆணவத்திலிருந்து தொடங்குங்கள். வேலையை முடித்துவிட்டு உங்கள் எதிரே வந்து உட்காரும் பெண்களிடம் பிள்ளையை அறு, வீட்டை அறு என்று சொல்லாதீர்கள். மெய்கண்டார் அதைச் சொல்லவில்லை.